ஐஸில் வைத்த சிறுநீரகத்தில் செல் எப்போது சாகிறது? அழற்சி எங்கிருந்து கிளம்புகிறது?

குழல்செல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். உறுப்பு மாற்றில் செல் சாவு, அழற்சி பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

உதாரணத்துக்கு இப்படி ஒரு நிலை. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம், 18 மணி நேரம் ஐஸில். தைத்து முடித்து, ரத்தக்குழாயை அடைத்திருந்த க்ளாம்ப் எடுத்ததும் நிறம் நன்றாக வருகிறது, சிறுநீர் மட்டும் வரவில்லை. முதல் வாரத்திலேயே டயாலிசிஸ், அதாவது டிஜிஎஃப் (பொருத்திய சிறுநீரகம் வேலை தொடங்கத் தாமதமாவது). பத்தாம் நாள் பயாப்ஸியில் சிறுநீரகக் குழல் செல்கள் உதிர்ந்து கிடக்கின்றன, இடையே லிம்போசைட்டும் (ஒரு வகை வெள்ளணு) ஏறியிருக்கிறது.

செல் ஐஸிலேயே செத்துவிடுகிறதா, ரத்தம் திரும்பிய பிறகா? புத்தகம் அப்போப்டோசிஸ் (செல் திட்டமிட்டு ஒடுங்கிச் சாவது) என்கிறது. அப்படியானால் அந்தச் சாவை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளைத் தடுத்தால் பிரச்சினை தீர வேண்டும். ஆனால் எலியில் காஸ்பேஸ்-8ஐ அடக்கியபோது மாற்றுச் சிறுநீரகம் இன்னும் மோசமானது என்று படித்தேன், அது எப்படி? நிராகரிப்பு எச்எல்ஏ (செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்) பொருந்தாததால் வருவது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். செத்த செல்லுக்கு அதில் என்ன வேலை? இன்னொன்று: டியூனெல் ஸ்டெயின் பாசிட்டிவ் என்றால் அப்போப்டோசிஸ் என்று எழுதிவிடலாமா?

---

பனிப்பெட்டி:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன். ஐஸில் இருக்கும்போது சாகிற செல் கொஞ்சம்தான். பெரும்பாலானவை சாவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு காத்திருக்கின்றன. சாவு நடப்பது ரத்தம் திரும்பிய பிறகு.

வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வளர்சிதை மாற்றம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். 4 டிகிரிக்கு இறக்கினாலும் பத்தில் ஒரு பங்கு நடந்துகொண்டேதான் இருக்கும். செலவு உண்டு, ஆக்சிஜன் வரவு இல்லை, செல்லின் எரிபொருளான ஏடிபி கரைகிறது. சோடியம்-பொட்டாசியம் பம்ப் நிற்கிறது. சோடியம் உள்ளே போக, பின்னாலேயே தண்ணீரும் போய் செல் வீங்குகிறது. லாக்டிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்குகிறது. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற இடைப்பொருள் குவிகிறது. 2014இல் கேம்பிரிட்ஜ் குழு எலிகளில் காட்டியது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

க்ளாம்ப் எடுத்ததும் ஆக்சிஜன் வருகிறது, குவிந்த சக்சினேட் சில நிமிடங்களில் எரிகிறது. அந்த வேகத்தில் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் காம்ப்ளெக்ஸ்-1 நொதி வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து சூப்பராக்சைடு (திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் வகை) கிளம்புகிறது. அதே நேரத்தில் கால்சியம் உள்ளே ஏறுகிறது. பிஎச்சும் சரியாகிறது, வினோதம் என்னவென்றால் அதுவும் கெடுதல்தான். மைட்டோகாண்ட்ரியாவின் பெர்மியபிலிட்டி ட்ரான்சிஷன் துளையை அதுவரை மூடி வைத்திருந்தது அந்த அமிலத்தன்மை. அது நீங்கியதும் துளை திறக்கிறது, மைட்டோகாண்ட்ரியா வீங்கி உடைகிறது. ஆக முக்கியமான சேதத்தின் விதை முதல் 10 நிமிடத்தில் விழுந்துவிடுகிறது. சிறுநீர் வரவில்லை என்று வார்டில் கவலைப்படும்போது அது பழைய செய்தி.

சிறுநீரகத்தில் அதிகம் அடிபடுவது அண்மைக் குழலின் கடைசிப் பகுதியான எஸ்3. அது இருப்பது வெளி மெடுல்லாவில் (சிறுநீரக உட்பகுதியின் மேலடுக்கில்). அங்கே சாதாரண நாளிலேயே ஆக்சிஜன் குறைவு, குழல் செல்லுக்கோ வேலை அதிகம். ரத்தம் திரும்பிய பிறகும் வீங்கிய எண்டோதீலியமும் (ரத்தக்குழாயின் உள்ளுறை) ஒட்டிக்கொண்ட நியூட்ரோஃபில் வெள்ளணுவும் அங்குள்ள நுண்குழாய்களை அடைத்துவிடுவதால், மேலே நிறம் நன்றாகத் தெரியும்போதே உள்ளே பட்டினி தொடரும். உங்கள் உதாரணத்தில் நிறம் வந்தும் சிறுநீர் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லீரலில் கதை வேறு. குளிர் முதலில் அடிப்பது சைனுசாய்டு என்ற நுண்குழாய்களின் எண்டோதீலியத்தை. வெப்ப இஸ்கீமியா (உடல் சூட்டில் ரத்தம் நிற்பது) அடிப்பது கல்லீரல் செல்லான ஹெப்பட்டோசைட்டை. பித்தநாளம் கல்லீரல் தமனியை மட்டுமே நம்பியிருப்பதால் அங்கே சேதம் மாதக்கணக்கில் கழித்து நாளம் குறுகிப்போவதாக வெளிப்படும்.

கரைசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறுப்பைக் குளிரில் வைக்கும் விஸ்கான்சின் கரைசலில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வேலை உண்டு. லிட்டருக்கு லாக்டோபயோனேட் 100 மில்லிமோல், ராஃபினோஸ் 30: இரண்டும் செல்லுக்குள் நுழையாத பெரிய மூலக்கூறுகள், வீக்கத்தைத் தடுக்கும். ஹைட்ராக்ஸிஎதில் ஸ்டார்ச் 50 கிராம், திசு இடைவெளியில் நீர் கோக்காமல் இருக்க. அடினோசின் 5 மில்லிமோல், பிறகு ஏடிபி கட்ட. அல்லோபியூரினால் 1, குளூடாதயோன் 3, ஆக்சிஜனேற்றத்துக்கு எதிராக. இந்தக் குளூடாதயோன் பாட்டிலில் இருக்கும்போதே மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும் என்பது அதன் பழைய பலவீனம். பொட்டாசியம் சுமார் 125 மில்லிமோல். அதனால்தான் கல்லீரலில் ரத்தம் விடுவதற்கு முன் கரைசலைக் கழுவி வெளியேற்றுகிறோம். கழுவாமல் விட்டால் அந்தப் பொட்டாசியம் நேராக இதயத்துக்குப் போகும், இதயம் நிற்கும்.

நடைமுறையில் கோட்டை விடும் இடங்கள் இரண்டு. ஒன்று, உறுப்பை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கும் மூன்று பைகளில் உள் பையில் கரைசல் போதாமல் உறுப்பு ஒரு பக்கம் பையோடு ஒட்டி, வெளியே உள்ள ஐஸின் குளிரை நேரடியாக வாங்குவது. உறைந்த திசு செத்த திசுதான். இன்னொன்று, தையல் நேரம். 18 மணி நேரத்தைக் குறித்து வைக்கிறவர்கள் உறுப்பு வயிற்றுக்குள் போய்த் தையல் முடியும் வரை உள்ள 30, 40 நிமிடத்தைக் குறிப்பதில்லை. அந்த நேரத்தில் சிறுநீரகம் சூடேறிக்கொண்டே போகிறது, ரத்தம் இன்னும் வரவில்லை. ஐஸ் குழைவோடு துணியில் சுற்றி வைத்துத் தைப்பதன் பலன் இங்கேதான்.

---

மூன்றாம்வழி:

காஸ்பேஸ் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் எலி ஆய்வு 2013இல் வந்தது. கொடை எலியின் சிறுநீரகத்தில் காஸ்பேஸ்-8ஐ ஆர்என்ஏ மூலம் அடக்கிவிட்டு, வேறு இன எலிக்குப் பொருத்தினார்கள். நெக்ரோப்டோசிஸ் (செல் வெடிக்கும் திட்டமிட்ட சாவு) கூடியது, அழற்சியைத் தூண்டும் எச்எம்ஜிபி1 புரதம் வெளியேறுவது கூடியது, சிறுநீரக வேலை குறைந்தது, நிராகரிப்பு சீக்கிரம் வந்தது. நெக்ரோப்டோசிஸை நடத்தும் ஆர்ஐபிகே3 நொதி இல்லாத எலியின் சிறுநீரகத்தைப் பொருத்தியபோது பெற்ற எலிகள் அதிக நாள் வாழ்ந்தன.

காரணம் இது. அழற்சித் தூதான டிஎன்எஃபின் ஏற்பியிலிருந்து வரும் சமிக்ஞை ஒரு நாற்சந்தியில் வந்து நிற்கிறது. காஸ்பேஸ்-8 வேலை செய்தால் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3 இரண்டையும் வெட்டிப் போட்டுவிட்டு செல்லை அப்போப்டோசிஸுக்கு அனுப்புகிறது. அதைத் தடுத்தால் ஆர்ஐபிகே3 பிழைத்து எம்எல்கேஎல் என்ற புரதத்தின் மீது பாஸ்பேட் ஏற்றுகிறது. எம்எல்கேஎல் கூட்டாகச் சேர்ந்து செல் சவ்வைக் கிழிக்கிறது. அதாவது சாவைத் தடுக்கவில்லை, அடக்கமான சாவை மூடிவிட்டு வெடிக்கிற சாவுக்குக் கதவு திறந்திருக்கிறோம். அப்போப்டோசிஸில் சரக்கு சவ்வுக்குள்ளேயே பொட்டலமாகிறது. ஃபாஸ்ஃபாடிடில்செரின் வெளிப்பக்கம் தெரிகிறது, மாக்ரோபேஜ் விழுங்கிவிட்டு அழற்சியை அடக்கும் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா (TGF-β, மேலே சொன்ன டிஜிஎஃப் அல்ல) சுரக்கிறது. அண்டை வீட்டுக்குத் தெரியாமல் முடிகிற காரியம். விழுங்க ஆள் போதாவிட்டால் அந்தப் பொட்டலமும் கடைசியில் உடையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மனிதரிலும் காஸ்பேஸ் தடுப்பானைப் பார்த்திருக்கிறார்கள். கல்லீரல் மாற்றில் ஐடிஎன்-6556 (பின்னாளில் எம்ரிகாசான்), 2007இல் வெளியானது. மருந்தைக் குளிர்க் கரைசலிலும் கழுவும் திரவத்திலும் மட்டும் சேர்த்தபோது கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் குறைந்தன. பெறுநருக்கும் ஊசியாகக் கொடுத்த குழுவில் அந்தப் பலன் மங்கிவிட்டது. ஏன் என்று அடித்துச் சொல்ல முடியாது. உள்ளே வந்த நியூட்ரோஃபில் சாகாமல் நீடித்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்குத் தோதாகப் படுவது அதுதான்.

ஆனால் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அப்போப்டோசிஸா நெக்ரோப்டோசிஸா என்ற சண்டையே பாதிக் கதைதான். குழல் செல்லில் பெரிய பங்கு ஃபெரோப்டோசிஸுக்கு. இதற்குக் காஸ்பேஸும் வேண்டாம், எம்எல்கேஎல்லும் வேண்டாம். கட்டற்ற இரும்பு, சவ்வில் பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலம், தளர்ந்துபோன ஜிபிஎக்ஸ்4 (சவ்வுக் கொழுப்பைக் காக்கும் நொதி): மூன்றும் சேர்ந்தால் சவ்வுக் கொழுப்பு சங்கிலியாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஜிபிஎக்ஸ்4 இயங்கக் குளூடாதயோன் தேவை. குளிரில் வைத்த செல்லில் கட்டற்ற இரும்பு கூடுகிறது, குளூடாதயோன் குறைகிறது. பனிப்பெட்டி சொன்னபடி கரைசலில் உள்ளதும் கெட்டுப்போகிறது. 2014இல் லிங்கர்மன் குழு எலிச் சிறுநீரகக் குழலைத் தனியே பிரித்துப் பார்த்தபோது செல்கள் ஆங்காங்கே சாகவில்லை. குழல் நெடுக அலையாக, ஒன்றை அடுத்து ஒன்றாகச் செத்தன. பயாப்ஸியில் முழுக் குழலும் உரிந்து வார்ப்பாக (குழலின் அச்சாக) கிடப்பதை இத்தோடு சேர்த்து யோசியுங்கள். எலி இதய மாற்றில், 2019இல், ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 கொடுத்ததும் நியூட்ரோஃபில் வரவே குறைந்தது. அங்கே சமிக்ஞை போன பாதை டிஎல்ஆர்4 (ஆபத்தை உணரும் ஏற்பி), ட்ரிஃப் (அதன் தூதுப் புரதம்).

பைரோப்டோசிஸைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஆபத்தை உணரும் புரதக் கூட்டான இன்ஃப்ளமசோம் காஸ்பேஸ்-1ஐ எழுப்ப, அது கேஸ்டெர்மின்-டியை வெட்ட, சவ்வில் துளை விழுந்து அழற்சித் தூதான ஐஎல்-1 பீட்டா வெளியே வருகிறது. இது அதிகம் நடப்பது மாக்ரோபேஜில். குழல் செல்லில் எவ்வளவு என்பதில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. ஒரு புதுத் தகவல்: செல் கடைசியாகக் கிழிவது தானாக நடப்பதில்லை, நிஞ்ஜ்1 என்ற புரதம் செய்யும் வேலை என்று 2021இல் தெரிந்தது. எச்எம்ஜிபி1, எல்டிஎச் மாதிரிப் பெரிய சரக்கு கொட்டுவது அந்தக் கிழிசலில்தான்.

எலித் தரவைக் காட்டும்போது கவனம். பெரும்பாலானவை உறுப்பு மாற்றே அல்ல, சிறுநீரகக் காம்பை 25–30 நிமிடம் க்ளாம்ப் போட்டு எடுத்த வெப்ப இஸ்கீமியா. அதில் ஐஸ் கட்டமே கிடையாது, அந்நியத் திசுவும் கிடையாது. எலியின் உடல் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினாலே சிறுநீரகச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டினின் ஏறாமல் போய்விடலாம். மலக்குடல் வெப்பமானி வைத்து 36.5–37இல் பிடித்து வைத்ததாக எழுதாத ஆய்வில் "மருந்து காப்பாற்றியது" என்ற முடிவை நம்பாதீர்கள். பெண் எலி இந்தக் காயத்தை ஆணைவிட நன்றாகத் தாங்கும். ஒரு குழுவில் ஆண், மறு குழுவில் கலப்பு என்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

---

திசுவெட்டு:

டியூனெல் விஷயம். எழுதக் கூடாது. டியூனெல் காட்டுவது டிஎன்ஏ துண்டானதை. அப்போப்டோசிஸிலும் துண்டாகும், நெக்ரோசிஸிலும் துண்டாகும், ஃபார்மலினில் போடத் தாமதமாகித் திசு தானே சிதைந்தாலும் துண்டாகும். புரோட்டினேஸ்-கே கொஞ்சம் அதிகமாகிவிட்டால் நல்ல உட்கருவும் பாசிட்டிவ் காட்டும்.

அப்போப்டோசிஸ் என்று சொல்ல வெட்டுண்ட காஸ்பேஸ்-3, கூடவே உட்கரு சுருங்கித் துண்டான உருவம். நெக்ரோப்டோசிஸ் என்று சொல்ல பாஸ்பேட் ஏறிய எம்எல்கேஎல்: மனிதரில் செரின் 358, எலியில் செரின் 345. எலிக்கான ஆன்டிபாடியை மனிதத் திசுவில் போட்டுவிட்டு "நெகட்டிவ்" என்று எழுதியதெல்லாம் நடக்கிறது. மொத்த எம்எல்கேஎல் கூடியிருப்பதை மட்டும் காட்டி நெக்ரோப்டோசிஸ் என்பதும் சரியல்ல. துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது என்பதற்கும் சுட்டது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பாஸ்பேட் சீக்கிரம் கழன்றுவிடும், எனவே ஊசியிலிருந்து வந்த துண்டு உடனே ஃபார்மலினுக்குப் போக வேண்டும். உப்புநீர் நனைத்த துணியில் அரை மணி நேரம் காத்திருந்த துண்டில் இந்த ஸ்டெயின் போட்டுப் பயனில்லை. ஃபெரோப்டோசிஸுக்கு என்று தனி அடையாளம் ஒன்றும் இல்லை. 4-எச்என்இ ஸ்டெயின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும், அவ்வளவே. விலங்கு மாதிரியில் ஃபெரோஸ்டாட்டினோ லிப்ராக்ஸ்டாட்டினோ கொடுத்து, காயம் குறைந்தால்தான் பேச்சு.

உங்கள் பத்தாம் நாள் பயாப்ஸிக்கு இவை எதுவும் முதல் தேவை அல்ல. அங்கே உண்மையான கேள்வி: இது வெறும் குழல் சேதமா, நிராகரிப்பும் சேர்ந்திருக்கிறதா? துண்டில் குறைந்தது 10 குளோமெருலஸ் (ரத்தம் வடிகட்டும் முடிச்சு), 2 தமனி இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள். குழல் சேதத்தில் பிரஷ் பார்டர் போயிருக்கும், செல் தட்டையாகியிருக்கும், அடிச்சவ்வு வெறுமையாகத் தெரியும், குழலுக்குள் உதிர்ந்த செல்லும் வார்ப்பும் கிடக்கும். இடைத்திசுவில் சில லிம்போசைட் இருப்பதால் மட்டும் நிராகரிப்பு ஆகாது. அது குழல் சுவருக்குள் நுழைந்திருக்க வேண்டும். உறுப்பு மாற்றுப் பயாப்ஸிக்கான பான்ஃப் கணக்கில் மோசமான குழல் வெட்டில் 1–4 லிம்போசைட் என்றால் டி1, 5–10 டி2, 10க்கு மேல் டி3. பெரிகுழல் நுண்குழாயில் செல் சேர்ந்திருந்தால் ஆன்டிபாடித் தாக்குதலின் தடயமான சி4டி ஸ்டெயினும் கொடை எச்எல்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடிச் சோதனையும் கட்டாயம்.

நொந்த குழலிலும் ஒன்றிரண்டு லிம்போசைட் நுழையும் என்பதுதான் இதில் உள்ள சள்ளை. டி1ஐப் பார்த்ததும் ஸ்டீராய்டு பல்ஸ் என்று ஓட வேண்டாம், ஐ ஸ்கோரையும் (இடைத்திசு அழற்சி அளவு) தமனியையும் சேர்த்துப் படியுங்கள்.

டயாலிசிஸில் இருப்பவரின் கிரியேட்டினின் எதையும் சொல்லாது. அதனால்தான் டிஜிஎஃப் நீடித்தால் 7–10 நாளுக்கு ஒரு பயாப்ஸி என்பது வழக்கம். அதற்கும் முன்னால் டாப்ளர் ஸ்கேன்: தமனி, சிரை அடைப்பு, யூரெட்டர் (சிறுநீர்க்குழாய்) கசிவு. பிறகு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் ரத்த அளவு. கொடையாளர் டிஎன்ஏவை ரத்தத்தில் அளக்கும் சோதனையை இந்த வாரங்களில் கேட்காதீர்கள். 1 சதவீதம் என்ற வரம்பு நிலைபெற்ற சிறுநீரகத்துக்கு. முதல் இரண்டு வாரம் காயத்தாலேயே அது ஏறிக் கிடக்கும். எந்தச் சாவிலிருந்து வந்த டிஎன்ஏ என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது.

---

குழல்செல்:

மிக்க நன்றி. பனிப்பெட்டி சார், திசுவெட்டு மேடம், இரண்டுமே நேராக ஸ்லைடுக்குப் போகிறது. எச்எல்ஏ கேள்வி மட்டும் நிற்கிறது. நல்ல பொருத்தம் இருந்தாலும் இந்தக் காயம் நிராகரிப்பைக் கூட்டுமா? அப்புறம், ஐஸில் சும்மா வைக்காமல், உறுப்புக்குள் திரவத்தை ஓட்டும் இயந்திரத்தில் வைத்தால் இதெல்லாம் குறைகிறதா?

---

விழுங்கணு:

காயத்துக்கு எவ்வளவு எடை என்பதற்கு நான் எப்போதும் காட்டும் தரவு டெராசாகி குழு 1995இல் வெளியிட்டது. அமெரிக்காவில் கணவன், மனைவி தங்களுக்குள் கொடுத்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்று ஆண்டு கழித்தும் வேலை செய்தன. இறந்தவரிடமிருந்து எடுத்தவற்றில் 70 சதவீதம். பெற்றோர் கொடுத்தவை 82. தம்பதிகளுக்குள் எச்எல்ஏ பொருத்தம் மோசம். பெற்றோரிடம் பாதியாவது நிச்சயம். இருந்தும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் உறுப்பு வந்த விதத்தில்: மூளைச்சாவின் புயல் இல்லை, நீண்ட குளிர்நேரம் இல்லை. நம் ஊரில் மனைவி கணவனுக்குக் கொடுப்பது எவ்வளவு சாதாரணம் என்று தெரியும்தானே, அந்த உறுப்புகள் நன்றாக ஓடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

வேலை நடக்கும் விதம்: கிழிந்த செல்லிலிருந்து எச்எம்ஜிபி1, ஏடிபி, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, ஐஎல்-1 ஆல்ஃபா, ஹிஸ்டோன் எல்லாம் கொட்டுகின்றன. எச்எம்ஜிபி1ஐ டிஎல்ஆர்4 உணர்கிறது. மைட்டோகாண்ட்ரியா பாக்டீரியா வம்சம் என்பதால் அதன் டிஎன்ஏவை டிஎல்ஆர்9 கிருமி என்றே எடுத்துக்கொள்கிறது. ஏடிபி பி2எக்ஸ்7 என்ற ஏற்பி வழியாக இன்ஃப்ளமசோமைத் தட்டுகிறது. பக்கத்தில் உள்ள டென்ட்ரைட் செல் (அந்நியத்தை டி செல்லுக்குக் காட்டும் செல்) இதனால் முதிர்ந்து, டி செல்லைத் தூண்டும் சிடி80, சிடி86ஐ மேலே ஏற்றுகிறது. டி செல்லுக்கு அந்நிய எச்எல்ஏ மட்டும் கண்ணில் பட்டால் போதாது, இந்த இரண்டாம் சமிக்ஞையும் வேண்டும். அதைக் கொடுப்பது செத்த செல்லின் சரக்குதான். மேலும், அழற்சியில் வரும் இன்டர்ஃபெரான் காமா குழல் செல், எண்டோதீலியம் இரண்டிலும் எச்எல்ஏ இரண்டாம் வகையை ஏற்றிவிடுகிறது. அதாவது பொருந்தாத எச்எல்ஏ இருந்தால் அதைப் பெரிதாக எழுதிக் காட்டுகிறது. முழுப் பொருத்தம் என்றால் இதன் பாதிப்பு குறைவு, ஆனால் வடுத்திசு வருவதை அது தடுக்காது.

1994இல் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. நோயெதிர்ப்பைக் கிளப்புவது சேதத்தின் சமிக்ஞை என்ற "ஆபத்துக் கோட்பாட்டை" மாட்ஸிங்கர் எழுதினார். மியூனிக்கில் லாண்ட் குழு, நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் எடுத்த நோயாளிகளுக்கு அறுவையின்போது சூப்பராக்சைடை அழிக்கும் நொதியான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் 200 மி.கி. கொடுத்து, முதல் நிராகரிப்பு குறைந்ததைக் காட்டியது. ரத்தம் திரும்பும் நிமிடத்தில் கொடுத்த ஒரு ஊசி, வாரங்கள் கழித்து வரும் டி செல்லைப் பாதித்தது என்பதுதான் அங்கே சுவாரஸ்யம். மருந்து வழக்கத்துக்கு வரவில்லை, கருத்து நின்றுவிட்டது.

டி செல் வந்த பிறகு அதுவும் செல்லைக் கொல்கிறது: பெர்ஃபோரின் துளை வழியே கிரான்சைம்-பி போய் காஸ்பேஸ்-3ஐ வெட்டுகிறது. கிரான்சைம்-ஏ கேஸ்டெர்மின்-பியை வெட்டினால் அதே கொலை பைரோப்டோசிஸாக முடியும், 2020இல் தெரிந்தது இது. அந்தச் சாவு மேலும் சரக்கைக் கொட்ட, வட்டம் சுழல்கிறது.

மூளைச்சாவையும் மறக்க வேண்டாம். கேட்டகாலமின் (அட்ரினலின் வகை ஹார்மோன்) வெள்ளம், ஐஎல்-6, காம்ப்ளிமென்ட் (ரத்தத்தில் உள்ள தாக்கும் புரதங்கள்), வெள்ளணுவைப் பிடிக்கும் ஒட்டு மூலக்கூறுகள் எல்லாம் உறுப்பை எடுப்பதற்கு முன்பே ஏறிவிடுகின்றன. ஐஸ் பெட்டிக்குள் போவதே அழற்சி கண்ட உறுப்பு. 2015இல் அமெரிக்காவில், மூளைச்சாவு அடைந்தவரின் உடலை 34–35 டிகிரியில் வைத்தபோது டிஜிஎஃப் 39இலிருந்து 28 சதவீதமாக இறங்கியது. போர்வையையும் வெப்பமூட்டியையும் சரிசெய்தாலே போதும், தனிச் செலவு என்று எதுவும் இல்லை.

---

பனிப்பெட்டி:

விழுங்கணு சொன்னதற்கு ஒரு ஒட்டு. 2023இல் அதே குழு உடல் குளிர்வையும் இயந்திரத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. டிஜிஎஃப் உடல் குளிர்வில் 30 சதவீதம், இயந்திரத்தில் 19, இரண்டும் சேர்ந்தால் 22. இயந்திரம் இருக்கும் இடத்தில் உடல் குளிர்வால் கூடுதல் லாபம் தெரியவில்லை. இயந்திரம் இல்லாத இடத்தில் 2015இன் முடிவு இன்னும் செல்லும் என்பது என் கருத்து.

குளிர் இயந்திரத்துக்கு அடிப்படைத் தரவு 2009. ஒரே கொடையாளரின் ஒரு சிறுநீரகம் இயந்திரத்தில், மற்றது ஐஸில், இப்படி 336 ஜோடி. டிஜிஎஃப் 20.8க்கு எதிராக 26.5 சதவீதம். ஒரு வருடத்தில் உறுப்பு பிழைத்தது 94க்கு எதிராக 90. அழுத்தத்தை 25–30 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஓட்டத்துக்கு உள்ள தடை குறையவில்லையே என்று அழுத்தத்தைக் கூட்டினால் எண்டோதீலியம் உரியும். தடை குறையாவிட்டால் முதலில் கேனுலாவைப் பாருங்கள்: தமனி முறுக்கியிருக்கும், அல்லது துருவக் கிளை ஒன்று வெளியே கசிந்துகொண்டிருக்கும்.

கல்லீரலில் இன்னும் தெளிவு. இதயம் நின்ற பின் எடுத்த கல்லீரலை, பொருத்துவதற்கு முன் 2 மணி நேரம் சுமார் 10 டிகிரியில் ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தால் ஓட்டினார்கள். 2021இல் வந்த முடிவு: தைத்த இணைப்பில் அல்லாமல் வேறிடத்தில் வரும் பித்தநாளச் சுருக்கம் 18இலிருந்து 6 சதவீதம். சக்சினேட்டைக் குளிரிலேயே மெதுவாக எரித்து, ஏடிபியை நிரப்பி, அதன் பிறகு ரத்தத்தைக் காட்டுகிறார்கள். குளிரில் எலக்ட்ரான் ஓட்டம் மெதுவாக இருப்பதால் சூப்பராக்சைடு வெடிப்பு வருவதில்லை. ஓடும் திரவத்தில் எஃப்எம்என் (காம்ப்ளெக்ஸ்-1இலிருந்து கழலும் மூலக்கூறு) அளந்தால் காம்ப்ளெக்ஸ்-1 எவ்வளவு அடிபட்டது என்று தெரியும். ஏறிக்கொண்டே போனால் அந்தக் கல்லீரலைப் பொருத்தலாமா என்று யோசிக்க வேண்டும்.

உடல் வெப்பத்தில் ஓட்டுவது வேறு கணக்கு. கல்லீரலில் 2018 ஆய்வில் ஏஎஸ்டி உச்சம் பாதியானது. சிறுநீரகத்தில், ஐஸுக்குப் பிறகு கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வெப்பத்தில் ஓட்டிய ஆய்வு 2023இல் வந்தது, டிஜிஎஃப் குறையவில்லை: 60.7, 58.3 சதவீதம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஐஸிலிருந்து எடுத்து நேராக 37 டிகிரிக்கு ஆக்சிஜனோடு ஏற்றினால், க்ளாம்ப் எடுப்பதில் நடக்கும் அதே வெடிப்பு இயந்திரத்துக்குள் நடக்கிறது, இடம்தான் மாறுகிறது.

---

மூன்றாம்வழி:

அந்தக் கடைசி வரியோடு முழுதாக ஒத்துப்போக முடியாது, பனிப்பெட்டி. இயந்திரத்தில் ஓடும் திரவத்தில் வெள்ளணுவும் இல்லை, பிளேட்லெட்டும் இல்லை, காம்ப்ளிமென்ட்டும் அநேகமாக இல்லை. சூப்பராக்சைடு வரும், அதற்குப் பின்னால் வரும் கூட்டம் வராது. கொட்டிய சரக்கும் பெறுநரின் உடம்புக்குள் போகாமல் திரவத்தோடு வெளியே போகிறது. ஒரு மணி நேரம் போதவில்லை என்று சொல்லலாம், வழியே தவறு என்று சொல்ல முடியாது. ஃபெரோஸ்டாட்டின் வகை மருந்து என்றாவது மனிதருக்கு வருமானால் அதைக் கொடுக்க நல்ல இடமும் அந்த இயந்திரம்தான். உறுப்புக்கு மட்டும் போகும், பெறுநருக்குப் போகாது. 2007 கல்லீரல் ஆய்வு காட்டியதும் அதைத்தானே.

---

விழுங்கணு:

குழல்செல், உரையில் கையிருப்பில் உள்ள மருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஏடிஜி என்ற ஆன்டிபாடி மருந்தைச் சொல்லுங்கள், அதுவும் நேரத்தைச் சொல்லுங்கள். 2003இல் ஒரு சிறிய ஆய்வு: இறந்தவரின் சிறுநீரகம் பெற்ற 58 பேர். தைமோகுளோபுலினை (ஏடிஜியின் ஒரு வகை) அறுவையின்போதே தொடங்கியவர்களில் டிஜிஎஃப் 14.8 சதவீதம், அறுவைக்குப் பிறகு தொடங்கியவர்களில் 35.5. டி செல்லை அழிப்பதோடு, ஒட்டு மூலக்கூறுகளுக்கு எதிரான ஆன்டிபாடியும் அதில் இருப்பதால், ரத்தம் திரும்பும்போது வெள்ளணு எண்டோதீலியத்தில் ஒட்டுவது குறைகிறது. க்ளாம்ப் எடுத்த பிறகு தொடங்கினால் இந்தப் பலன் போய்விடும்.

---

திசுவெட்டு:

சேர்த்து ஒன்று. 1.5 மி.கி./கிலோ, முதல் டோஸ் குறைந்தது 6 மணி நேரம், பெரிய சிரையில், 0.22 மைக்ரான் ஃபில்டரோடு. எனவே க்ளாம்ப் எடுக்கும்முன் முழு டோஸும் உள்ளே போகாது. மயக்கம் கொடுத்து சென்ட்ரல் லைன் போட்டதுமே தொடங்கினால்தான் கணிசமான பங்கு போயிருக்கும். ஸ்டீராய்டு, பாராசிட்டமால், ஆன்டிஹிஸ்டமின் ஒரு மணி நேரம் முன்னால். மறுநாள் ரத்தத்தில் வெள்ளணு 2000–3000 அல்லது பிளேட்லெட் 50,000–75,000 என்றால் டோஸ் பாதி, அதற்கும் கீழே போனால் நிறுத்துங்கள். பத்தாம் நாள் துண்டை எனக்கு அனுப்பும்போது எத்தனை டோஸ் போனது என்று படிவத்தில் எழுதுங்கள். ஏடிஜி போன பயாப்ஸியில் லிம்போசைட் குறைவாகத் தெரியும், அதைப் பார்த்து நிராகரிப்பு இல்லை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.